சுண்டெலி போட்டா முடி முளைச்சிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஃபெரட்டுக்கு (கீரி மாதிரி இருக்குற வளர்ப்புப் பிராணி) முழு எலி, ஒருநாள் கோழிக்குஞ்சுன்னு அப்படியே போட்டா ஹார்மோன் கோளாறு சரியாயிடும்னு போன வாரம் நம்ம பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு, படிச்சதும் சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டு ஃப்ரீசர்தான் ஞாபகம் வந்துச்சு. புரட்டாசி மாசம், வீடே சைவம், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள சுண்டெலி, ஆயா தொறந்து பாத்துட்டு போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டுச்சு. (கீரிக்கு எதுக்குடா ஃப்ரீசர்னு இன்னமும் கேக்குறாங்க, அவங்களுக்கு அது கீரிதான்.)

எங்க ஃபெரட் முத்துவுக்கு அப்போ அஞ்சு வயசு, வால்ல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் முடி கொட்டிடுச்சு. கடைத்தீனிதான் காரணம்னு சொன்னாங்கன்னு நாலு மாசம் எலியும் குஞ்சுமா போட்டேன். கக்கா நாத்தம் குறைஞ்சுது, பல்லு சுத்தமாச்சு, அதெல்லாம் இல்லன்னு சொல்லல. முடி மட்டும் வரல.

அப்புறம்தான் டாக்டரம்மா வெளக்குனாங்க. சின்னதுலயே காயடிச்சிட்டா, 'போதும்'னு மூளைக்குச் சொல்ற ஹார்மோன் இல்லாம போயிடுது, மூளைக்கு அடியில இருக்குற பிட்யூட்டரி சுரப்பி பாட்டுக்கு எல்ஹெச்ங்குற ஹார்மோனைச் சுரந்துக்கிட்டே இருக்கு, அது கிட்னி பக்கத்துல இருக்குற அட்ரீனல் சுரப்பியைக் கிளப்பிவிட்டு ஈஸ்ட்ரடையால் மாதிரி செக்ஸ் ஹார்மோனை ஏத்திவிடுது, முடி கொட்டுறது அதனாலதான். வெளிச்சம் வேற இருக்கு. பகல் நீள நீள, இருட்டுல சுரக்குற மெலடோனின் ஹார்மோன் குறைஞ்சு எல்ஹெச் ஏறும், தென்னாப்பிரிக்காவுல, நம்ம டர்பன்ல புரட்டாசின்னா வசந்தகாலம், பகல் வளர்ற நேரம், அது பத்தாதுன்னு எங்க தாத்தா ராத்திரி 11 மணி வரைக்கும் லைட்டு போட்டு டிவி பாப்பாரு. இதுல எலி என்னத்தைப் பண்ணும்? எல்ஹெச்சை அடக்குற டெஸ்லோரெலின் மருந்து இம்ப்ளான்ட்டை தோலுக்கடியில வச்சாங்க, ரெண்டு மாசத்துல முடி வந்துடுச்சு.

எலியோட சுரப்பியையும் சேத்துத் தின்னா அந்த ஹார்மோன் ஃபெரட்டுக்கு ஏறிடும்னு பயப்படுறவங்களும் உண்டு. இன்சுலின் வெறும் புரதம், வயித்துலயே செரிச்சிடும். தைராய்டு ஹார்மோன் அப்படி இல்ல, வாய்வழியா போனாலும் வேலை செய்யும், 1984-85ல அமெரிக்காவுல மாட்டோட தொண்டைப்பக்கம் சீவுன கறியில தைராய்டு கலந்துபோய் தின்ன மனுஷங்களுக்கே நெஞ்சு படபடத்துச்சு. முழு எலியில அது துளிதான். விலை கம்மின்னு தொண்டைக்கறியா வாங்கி தினமும் போடுறவங்கதான் யோசிக்கணும்.

முழு இரை போடுறவங்க தாராளமா போடட்டும், நானும் இன்னும் போடுறேன். ஆனா வால் மொட்டையானா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு அடுத்த வாரம் ஒரு வரி போடுங்க சார்.

இப்படிக்கு,
முத்து வீட்டுக்காரன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்