எடுக்கச் சொன்னது ஒன்றைத்தான்: கணினிக் கடை அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே,

"அண்ணே, ரெண்டு ஓஎஸ் கிடக்கு, ஒண்ணு வேணாம், எடுத்துடுங்க" என்று, விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் உள்ள மடிக்கணினியோடு உங்களிடம் வருகிறார்கள். பல கடைகளில் மொத்த டிஸ்க்கையும் துடைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். அதை நிறுத்தும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பிளஸ் டூவில் எனக்கும் ஒன்று கிடைத்தது. இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து லினக்ஸ் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை, அழித்தேன். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. மூலையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற சொல், பக்கத்தில் மினுக்கும் கோடு, வேறொன்றும் இல்லை. கடைக்காரர் பார்த்த உடனே "விண்டோஸ் போச்சு, ஃபார்மட்தான்" என்றார். அப்பா சரி என்றார். தாத்தா சந்தைக்கு மாடு ஓட்டிப்போன கதையை அவர் குரலிலேயே அதில் பதிந்து வைத்திருந்தேன். கணினி திரும்பி வந்தபோது அது இல்லை. அடுத்த வருடம் தாத்தாவும் இல்லை.

அன்று விண்டோஸுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பயாஸ் என்ற பழைய தொடக்க முறை உள்ள கணினியில், டிஸ்க்கின் முதல் துண்டான செக்டர் 512 பைட். அதில், ஓஎஸ்ஸை எழுப்பும் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். லினக்ஸோடு வரும் பூட் நிரலான கிரப், தலையை அங்கே வைத்து, உடம்பை லினக்ஸ் பார்ட்டிஷனில் வைத்திருக்கும். நான் அழித்தது உடம்பை. விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து, ரிப்பேருக்குள் போய், கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற சுவிட்சோடு கொடுத்திருந்தால், அந்த முதல் செக்டரில் விண்டோஸின் பூட் நிரல் திரும்ப எழுதப்பட்டு, விண்டோஸ் எழுந்திருக்கும். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ வைத்த இப்போதைய கணினிகளில் வேலை இன்னும் சுலபம். செட்டப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக வைத்து, அது எழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் லினக்ஸ் பார்ட்டிஷனையும், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு போன்ற லினக்ஸ் பெயரில் கிடக்கும் ஃபோல்டரையும் எடுத்தால் போதும். இஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழித்துவிட வேண்டாம். விண்டோஸின் பூட் ஃபைல்களும் அங்கேதான் இருக்கின்றன. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். அதை, வந்தவர் கடையில் நிற்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. லினக்ஸ் இருக்கட்டும், விண்டோஸை எடுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்தே அதைத் திறந்து காப்பி எடுத்துவிடலாம்.

நாள் முழுக்கக் கூட்டம், ஃபார்மட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கை வைக்கும் முன் கேளுங்கள்: "எது இருக்கணும்? இதுல வேற எங்கயும் இல்லாதது ஏதாச்சும் இருக்கா?" என் அப்பாவிடம் அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு என்னிடம் விசாரித்திருப்பார்.

அன்புடன்,
அந்த மடிக்கணினிக்குச் சொந்தக்காரன்