சித்தப்பாவுக்கு, சான் டியேகோவிலிருந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கே நீங்கள், சித்தி, பிள்ளைகள் எல்லோரும் நலந்தானே? மேற்கு மாம்பலம் காப்பிப்பொடிக் கடையைப் பெயரோடு சேர்த்து வாங்கிக்கொள்ளப் பெரிய கம்பெனியிலிருந்து ஆள் வந்து போனதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். காப்பிப்பொடிக்குப் பொருத்தமாக இங்கே ஒன்று இருக்கிறது, ஆனால் அது பீர் கம்பெனி. சித்திக்கு வாசித்துக் காட்டும்போது பீர் வருகிற இடமெல்லாம் மோர் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் பீர் காய்ச்சுவது கிட்டத்தட்ட நம் பக்கத்தில் காப்பி வறுப்பது போல. மிராமர் பக்கம் போனால் டயர் கடைக்கும் கிடங்குக்கும் நடுவில் ஷட்டர் போட்ட கொட்டகை, உள்ளே நாலு ஸ்டீல் தொட்டி, முன்னால் பத்து பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்கள், நாயையும் கூட்டிக்கொண்டு. டாஸ்மாக் வாசலை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள்.

1992-ல் ஜாக் ஒயிட் என்பவர் இங்கே ஹோம் ப்ரூ மார்ட் என்று ஒரு கடை திறந்தார். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு முளைகட்டிய பார்லி, ஹாப் பூ, ஈஸ்ட் எல்லாம் விற்கும் கடை. 1996-ல் அந்தக் கடையின் பின்கட்டில் தொடங்கியதுதான் பாலஸ்ட் பாயின்ட். முன்னால் வியாபாரம், பின்னால் வறுவல் என்று இருக்கும் நம் கடை அமைப்பேதான். பேர் வாங்கிக் கொடுத்தது ஸ்கல்பின் என்ற ஐபிஏ, அதாவது ஹாப் பூவின் கசப்பும் வாசனையும் தூக்கலான பீர் வகை. முள்ளில் விஷமுள்ள ஒரு மீனின் பெயர் அது. ஆறு பாட்டில் 15 டாலர் வரை விற்றார்கள், சாதாரண பீரைவிட ரொம்ப அதிகம். ஆனாலும் சனங்கள் தேடி வாங்கினார்கள்.

2015 அக்டோபரில் பங்கு வெளியிட்டு 17.25 கோடி டாலர் வரை திரட்டப் போவதாக மனு கொடுத்தார்கள். அடுத்த மாதமே கொரோனா, மொடெலோ பீர்களை அமெரிக்காவில் விற்கும் கான்ஸ்டலேஷன் கம்பெனி 100 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டது. அன்றைய கணக்கில் சுமார் 6,600 கோடி ரூபாய். அந்த வருஷம் பாலஸ்ட் பாயின்ட்டின் விற்பனை 11.5 கோடி டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். அதாவது லாபத்துக்கு இல்லை, விற்பனைக்கே எட்டு ஒன்பது மடங்கு விலை. முந்தின வருஷத்தைவிட விற்பனை இரட்டிப்பாகியிருந்தது. அது அப்படியே ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கொடுத்த விலை.

ஆனால் ஏறவில்லை. ஏன் என்பதற்கு அந்தப் பீரையே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹாப் பூவை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிவிடும். அதனால் ஐபிஏவுக்கு நொதித்தல் முடிகிற சமயத்தில் இன்னொரு பங்கு ஹாப்பைக் கொதிக்கவைக்காமல் தொட்டியில் போட்டு மூன்று நாலு நாள் ஊறவிடுவார்கள். அந்த வாசனைக்குத்தான் அந்த 15 டாலர். அதுதான் முதலில் ஓடிப்போவதும். பாட்டிலில் அடைக்கும்போது துளி ஆக்சிஜன் உள்ளே போனாலும் சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். சூடு பட்டால் இன்னும் மோசம். இந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் கெடுவது ஒரே அளவு. 32 டிகிரி என்பது நம்மூரில் மே மாதத்து ராத்திரி. இரும்புப் பீரோ மேல் மூன்று நாள் வைத்தால் கதை முடிந்தது.

சான் டியேகோவுக்குள் விற்றவரை இது தலைவலியாக இல்லை. நாடு முழுக்க அனுப்பினால் கதையே வேறு. இங்கே பெரும்பாலும் ஆலை டிஸ்ட்ரிப்யூட்டருக்கு விற்க வேண்டும், அவர் கடைக்கு விற்க வேண்டும். நடுவில் எந்தக் கிடங்கில் எத்தனை நாள் ஏசி இல்லாமல் கிடந்தது என்பது காய்ச்சியவன் கையில் இல்லை. 2017-ல் கிழக்குப் பக்கத்துக்கென்று வர்ஜீனியாவில் டேல்வில் என்ற ஊரில் பெரிய ஆலையே போட்டார்கள். அதற்குள் காலம் தப்பிவிட்டது.

இந்த நாட்டில் 1873-ல்தான் பீர் ஆலைகள் மிக அதிகமாக இருந்ததாம், 4,131. அந்த எண்ணிக்கையைத் தாண்டியது எப்போது தெரியுமா? 2015 கடைசியில், பாலஸ்ட் பாயின்ட் கைமாறிய அதே சமயம். 2019-ல் 8,000-ஐத் தாண்டிவிட்டது. தெருவுக்கு ஒருவன் நேற்று அடைத்த ஐபிஏவை ஊற்றிக் கொடுக்கும்போது, லாரியில் நாட்டைக் கடந்து வந்த பாட்டிலுக்கு யார் 15 டாலர் கொடுப்பார்கள்? ருசியும் மாறியது. கசப்பைக் குறைத்த, கலங்கலான ஐபிஏ பக்கம் ஆட்கள் போனார்கள். அப்புறம் செல்ட்சர் என்று பழவாசனைச் சாராயச் சோடா ஒன்று வந்தது, 2019 கோடை முழுக்க அதன் ராஜ்ஜியம்.

கம்பெனி செய்தது என்ன? கிரேப்ஃப்ரூட் ஸ்கல்பின் ஓடியது, சரி. அன்னாசி ஸ்கல்பின், மிளகாய் ஸ்கல்பின் என்று ஒரே பெயரை இழுத்துக்கொண்டே போனார்கள். விற்ற மறுவருஷமே ஜாக் ஒயிட்டும் முக்கிய ஆட்களும் வெளியேறினார்கள். போதாக்குறைக்கு 2017-ல் இந்த நாட்டுச் சிறு ஆலைகளின் சங்கம், சுதந்திரமான சிறு ஆலை என்று காட்ட, தலைகீழ் பாட்டில் படம் போட்ட ஒரு முத்திரையைக் கொண்டுவந்தது. பெரிய மதுக் கம்பெனி 25 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அந்த முத்திரை கிடையாது.

கான்ஸ்டலேஷன் அந்தப் பெயருக்குக் கணக்கில் எழுதியிருந்த மதிப்பை 2018 நிதியாண்டில் சுமார் 8.7 கோடி டாலரும், அடுத்த ஆண்டு 10.8 கோடியும் வெட்டியது. 2019 டிசம்பரில் விற்றே விட்டது. வாங்கியது இலினாய்ஸில் கிங்ஸ் அண்ட் கன்விக்ட்ஸ் என்ற குட்டி ஆலை, அப்போது வருஷத்துக்கு 600 பீப்பாய் காய்ச்சிக்கொண்டிருந்த இடம். பீப்பாய் 117 லிட்டர். நம்ம ஏரியாத் தண்ணி லாரி ஆறேழு வந்தால் அவ்வளவுதான். விலையை அப்போது சொல்லவில்லை.

இப்போது நம் கடைக்கு வருகிறேன். உங்கள் பொடியும் ஐபிஏ ஜாதிதான்: அரைத்துப் பதினைந்து நாளில் வாசனை இறங்கிவிடும். வாடிக்கையாளர் முன்னால் அரைத்துக் கொடுப்பதால்தான் நம் பெயர் நிற்கிறது. வாங்க வந்த கம்பெனிக்காரர்கள் பாக்கெட்டில் போட்டு மதுரை, கோவை என்று அனுப்பினால் வறுத்த தேதியை அச்சடிப்பார்களா, காலாவதித் தேதி மட்டுமா என்று கேளுங்கள். உள்ளிருக்கும் வாயு வெளியேற மட்டும் விடும் வால்வு வைத்த பையா, சாதாரணப் பையா என்றும் கேளுங்கள். அடுத்தது கலவை. சட்டம் சிக்கரியை 49 சதவீதம் வரை விடுகிறது. பீபெரி, பிளாண்டேஷன் ஏ ரகக் கொட்டைகள், சிக்கரி எந்த விகிதம் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால், உங்கள் பெயரிலேயே கிட்டத்தட்டப் பாதி சிக்கரி கலந்து விற்கலாம், தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

பணம் மொத்தமாகக் கையில் வந்தால் வேறு. "விற்பனை ஏறினால் மீதி" என்று தவணை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றுவதும் இறக்குவதும் அதற்குப் பிறகு அவர்கள் கையில். கட்டடமும் வறுக்கும் டிரம்மும் பெயரோடு போகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். ஒருவேளை அவர்கள் நாலு வருஷத்தில் கைகழுவினால், பெயரை முதலில் உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே விற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆடிட்டர் சிரிப்பார், பரவாயில்லை.

அவர்கள் கொடுத்த தாள்களில் பெயர் உரிமை, பணம் கொடுக்கும் முறை வருகிற பக்கங்களை மட்டும் தம்பியை விட்டு வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தை பிறக்கும் முன்னால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்