வியன்னா சிறுவர் பாடகர் குழு நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் பையன்களின் பாட்டைப் பல வருடங்களாகக் கேட்டு வரும் ரசிகன் நான். உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்த மடல்.

இன்று உங்கள் சுற்றுப்பயணக் கச்சேரி பெரும்பாலும் சின்னச் சின்னப் பாட்டுகளின் வரிசை. ஒரு தேவாலயப் பாட்டு, ஒரு நாட்டுப்பாடல், ஒரு சினிமாப் பாட்டு, கடைசியில் வியன்னா இசையமைப்பாளர் ஸ்ட்ராஸின் ஒரு பாட்டு. எல்லாமே மூன்று, நான்கு நிமிடம். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பாட்டில் மனம் ஒன்றுவதற்குள் அது முடிந்து கைதட்டல் வந்துவிடுகிறது.

முன்பு அப்படி இல்லை. 1498இல் பேரரசர் மாக்சிமிலியன் தொடங்கி வைத்த அரண்மனைச் சிறுவர் பாடகர் மரபு 1918இல் முடியாட்சியோடு அறுந்தது. யோசஃப் ஷ்னிட் என்ற பாதிரியார் 1924இல் குழுவை மறுபடி எழுப்பினார். கையில் காசில்லாமல்தான் 1926இல் வெளிக் கச்சேரிகள் தொடங்கின. அந்த நெருக்கடியிலும் பையன்கள் கேட்டார்கள் என்பதற்காகச் சிறுவர் ஓபராக்களையும், அதாவது பாட்டு நாடகங்களையும், மேடையேற்றினார்கள். அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு, கச்சேரியின் நடுவே பையன்கள் வேடம் கட்டி ஒரு குட்டி ஓபரா நடிப்பது உங்கள் வழக்கமாகவே இருந்தது.

அந்த நடுப்பகுதியைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் உங்களுக்கென்றே எழுதிய ‘தி கோல்டன் வேனிட்டி’ என்ற குட்டி ஓபரா கையிலேயே இருக்கிறது. பெண் வேடம் மட்டும் வேண்டாம் என்று பையன்கள் கேட்டுக்கொண்டார்களாம், அவரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். 1967இல் இங்கிலாந்தின் ஆல்ட்பரோ இசை விழாவில் உங்கள் குழுதான் அதை முதலில் பாடியது. கடற்கொள்ளையர் கப்பலை மூழ்கடித்தால் மகளையும் பொன்னையும் தருவதாகக் கப்பல் எடுபிடிப் பையனிடம் கேப்டன் வாக்குக் கொடுக்கிறார். அவன் நீந்திப் போய்க் கப்பலில் ஓட்டை போட்டு மூழ்கடிக்கிறான். திரும்பி வந்து தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான், கேப்டன் மறுத்துவிடுகிறார். பெரியவர்களின் வாக்கை நம்பி ஏமாந்த ஒரு சிறுவனின் கதையை அவன் வயதுப் பையன்களே பாடும்போது நெஞ்சு கனத்துப் போகும்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். இதற்குக் காட்சித் திரைகள் வேண்டாம். உடைகள், தொலைநோக்கி மாதிரி சில சாமான்கள், ஒரு முரசு, அப்புறம் பியானோ. பியானோ எப்படியும் மேடை நடுவில் இருக்கிறது. அதன் முன் உட்கார்ந்து வாசித்தபடியே தலையசைப்பிலும் ஒரு கைவீச்சிலும் இருபுறமும் நிற்கும் பையன்களை வழிநடத்துகிறார் உங்கள் இசை இயக்குநர். அவர்கள் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துப் பாடுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. இவ்வளவு கவனம் உள்ள பிள்ளைகளால் இருபது நிமிடக் கதையைத் தாங்க முடியாதா என்ன?

பதினான்கு வயதுக்குள் குரல் உடைந்துவிடும். ஒரு பையனுக்கு மேடையில் கிடைப்பது சில வருடங்கள்தான். அதற்குள் ஒரு பாத்திரமாக வாழ்ந்து பாடும் அனுபவம் அவனுக்கு ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். பாட்டுகளை ஒப்பித்துவிட்டு ஊர் ஊராகப் போவது மட்டும் போதாது.

ப்ரூக்னர், ஹைடன், மொஸார்ட், ஷூபர்ட் என்று இசையமைப்பாளர்களின் பெயரில் நான்கு குழுக்கள் வைத்திருக்கிறீர்கள். அடுத்த பயணத்துக்குப் பட்டியல் போடும்போது, அவற்றில் ஒன்றுக்காவது இதைக் கொடுத்துப் பாருங்கள். சில சினிமாப் பாட்டுகள் குறைந்தால் சீட்டு வாங்கியவர்கள் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்