பொறந்து 24 மணி நேரம் ஆகறதுக்குள்ள டிஸ்சார்ஜ் பண்ணது பத்தி புகார்

ஆஸ்பத்திரி மேனேஜ்மெண்ட்டுக்கு வணக்கம்,

போன மாசம் உங்ககிட்ட என் மனைவிக்கு நார்மல் டெலிவரி ஆச்சு. பிரசவம் பார்த்த டாக்டரம்மாவும் லேபர் வார்டு சிஸ்டருங்களும் நல்லா பாத்துக்கிட்டாங்க, அவங்க மேல ஒரு குறையும் இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் புகார். சாயங்காலம் பொறந்த பிள்ளைய மறுநாள் மதியமே பில் போட்டு கிளம்புங்கன்னுட்டீங்க, ஏன்னு கேட்டா "பேபி ஹெல்தியா இருக்கு சார், பேக்கேஜ்ல ஒரு நாள்தான்"னு பில்லிங் கவுண்டர்ல பதில் வருது. சிக்கலே இல்லாத பிரசவம்னாலும் குறைஞ்சது 24 மணி நேரம் வச்சு பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காசே வாங்காம 48 மணி நேரம் இருக்க சொல்றாங்க, இவ்ளோ பணம் வாங்குற நீங்க ஒரு ராத்திரிக்கு மேல வச்சிக்க மாட்டீங்களா?

அம்மா ஓ பாசிட்டிவ், குழந்தை ஏ பாசிட்டிவ், உங்க ஃபைல்லயே இருக்கு. இப்படி ரத்த குரூப் மாறி இருந்தா மஞ்சள் காமாலை சீக்கிரமா ஏற வாய்ப்பு அதிகம்னு உங்க குழந்தை டாக்டருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா பிலிருபின், அதான் ரத்தத்துல மஞ்சள் அளவு, பாக்கவே இல்ல. சாதாரணமாவே மஞ்சள் மூணுல இருந்து அஞ்சு நாளுக்குள்ளதான் உச்சத்துக்கு போகும், பாலும் அந்த சமயத்துலதான் நல்லா சுரக்க ஆரம்பிக்கும், அந்த நாள் பூரா பிள்ளைய பாக்க யாருமில்ல, டிஸ்சார்ஜ் சம்மரில "ரிவ்யூ 2 வாரம் கழிச்சு"ன்னு எழுதி குடுத்துட்டீங்க.

மூணாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகி, பாலுக்கு எழுப்பினாலும் எழும்பாம துவண்டு கிடந்தான். உங்களுக்கு போன் பண்ணா "காலை வெயில்ல காட்டுங்க"ன்னு ஒரு சிஸ்டர் சொல்றாங்க. பாலே குடிக்காத பிள்ளைக்கு வெயில் எப்படிங்க வைத்தியம் ஆகும்? பிலிருபின் எல்லை மீறினா மூளையவே பாதிக்கும். வேற ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், உடனே மஞ்சள குறைக்கற லைட்டுக்கு அடியில வச்சாங்க, இப்ப நல்லா இருக்கான்.

சீக்கிரம் அனுப்புறதே தப்புன்னு நான் சொல்லல. நல்லா இருக்கற பிள்ளைய அனுப்புங்க, ஆனா மஞ்சள் அளவு பாத்து, பால் ஒழுங்கா குடிக்குதான்னு பாத்து, ரெண்டு நாள்ல திரும்ப வரச்சொல்லி தேதி போட்டு அனுப்புங்க. யார் சொல்லி இந்த டிஸ்சார்ஜ் நடந்துச்சு, டாக்டரா பேக்கேஜா, எனக்கு எழுத்துல பதில் வேணும். அந்த லைட் வைத்தியத்துக்கு ஆன பில்லையும் இணைச்சிருக்கேன், அந்த பணத்த நீங்கதான் தரணும்.

இப்படிக்கு,
குழந்தையோட அப்பா