மகனின் முழங்கையைக் குறித்து எலும்பு மருத்துவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். 7 வயதாகும் என் மகன் பதினோரு மாதங்களுக்கு முன் ஊஞ்சலிலிருந்து விழுந்ததில், இடது முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. குழந்தைகள் கையை ஊன்றி விழும்போது அடிக்கடி முறிகிற இடம் அதுதான் என்பதைப் பின்னர் அறிந்தேன். கம்பி வைக்காமல் மாவுக்கட்டு மட்டும் போட்டு, 4 வாரத்தில் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது; ஆனால் கோணலாகக் கூடியிருக்கிறது.

கட்டைப் பிரித்த அன்றே இதைக் கேட்டேன். "சின்னப் பிள்ளைதானே, வளர வளர நிமிர்ந்துவிடும்" என்றார் அங்கிருந்த மருத்துவர். அதை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அவனுடைய இரு கைகளையும் உள்ளங்கை மேலே தெரியும்படி ஒரு பெரிய தாளில் நீட்டி வைக்கச் சொல்லி, பென்சிலால் ஓரம் வரைந்து, அவன் அக்காளின் கோணமானியை வைத்து அளந்தேன். வலக்கை முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கமாக ஏறத்தாழ 10 பாகை விலகியிருந்தது. எல்லாக் கைகளும் அப்படித்தான் இருக்குமாம். இடக்கையோ உள்பக்கமாக 15 பாகை திரும்பியிருந்தது. சென்ற வாரம் மறுபடி வரைந்து பார்த்தேன். கைகள் நீண்டிருக்கின்றன, கோணம் மாறவே இல்லை.

மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள் பக்கத்து முனையில் நடக்கிறது என்றும், மூட்டு மடங்கும் திசையிலுள்ள வளைவு ஓரளவு சீராகக்கூடும் என்றாலும் இப்படிப் பக்கவாட்டில் விழுந்த கோணல் தானாக நிமிர்வதில்லை என்றும் படித்தேன். மணிக்கட்டை ஒட்டி முறிந்திருந்தால் அந்த மருத்துவர் சொன்னது பெரும்பாலும் பலித்திருக்கும். தாங்கள் இதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ வேண்டுகிறேன்.

வலி இல்லை. கையை முழுவதும் நீட்டுகிறான், தோளைத் தொடும்படி மடக்குகிறான், சுண்டுவிரலில் மரப்பும் இல்லை. "கைதான் வேலை செய்கிறதே, அழகுக்காகவா கத்தி வைக்கப் போகிறாய்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் அவன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது அவர்கள் கண்ணில் படவில்லை. அதைவிடவும், இப்படியே விட்டால் பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு முழங்கை மூட்டு தளர்வதும் சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்படுவதும் உண்டு என்பதே என்னை உறுத்துகிறது.

வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத் துண்டை எடுத்து எலும்பை நிமிர்த்தி, கம்பியால் பிணைக்கும் அறுவை சிகிச்சை இவனுக்குத் தேவையா? தேவையென்றால் இப்போதே செய்வதா, இன்னும் வளரவிட்டுச் செய்வதா? எலும்பு கோணியதோடு முறுக்கியும் இருக்கிறதா என்பதை எந்தப் படம் காட்டும்? நிமிர்த்திய பிறகு முழங்கையின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியுமா?

பழைய எக்ஸ்ரே படங்களோடு அந்த இரண்டு தாள்களையும் எடுத்து வருகிறேன். மகனும் உடன் வருவான். அவன் எதிரில் 'கோணல்' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துப் பேச வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்