இன்றைய மழை என்றால் எந்த மணியிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் சொந்தச் செலவில் வானிலை நிலையம் வைத்திருப்பவர்கள், அதன் அப்போதைய அளவுகளை ஒரே வரியில் எழுதும் நேரலைக் கோப்பை இணையத்தில் ஏற்றி ஊருக்கே காட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கோப்பில் எதை வைப்பது, எதை விடுவது என்று பலர் யோசிப்பதில்லை, மென்பொருள் தருவதை அப்படியே ஏற்றிவிடுகிறார்கள்.

முதலில் மழை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியதே, அது டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரக் கணக்கு. வானிலை ஆய்வு மையத்துக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. வீட்டு நிலையத்தில் ‘இன்றைய மழை’ பெரும்பாலும் நள்ளிரவில் பூஜ்யமாகிவிடும், அதனால் ராத்திரி முழுக்கப் பெய்த ஒரே மழை இரண்டு நாளாக வெட்டுப்பட்டு, விடிந்து பார்ப்பவருக்குப் பாதிதான் தெரியும். இதற்கு எளிய வழி, ஆண்டின் தொடர் மொத்தத்தையும் கோப்பில் வைப்பது. கூடிக்கொண்டே போகும் அந்த எண் இருந்தால், எந்த இரண்டு நேரத்துக்கு இடையிலும் எவ்வளவு பெய்தது என்று யாரும் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், 8.30 கணக்கும் அதிலேயே கிடைத்துவிடும். கடந்த ஒரு மணி நேர மழையும் வேண்டும். ‘மழை வேகம்’ (இதே வேகத்தில் ஒரு மணி நேரம் பெய்தால் எவ்வளவு என்ற கணக்கு) மட்டும் போட்டால் ஆபத்து, ஏனென்றால் மணிக்கு 120 மி.மீ. என்று சில நிமிடம் காட்டியதைப் பார்த்து 12 செ.மீ. பெய்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடும். உங்கள் செய்தியாளர்களும் தனியார் நிலையத்தின் அளவை எழுதும்போது எந்த மணி முதல் எந்த மணி வரை என்று கேட்டுப் போட வேண்டும்.

அடுத்தது எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுகிறது. கோப்பில் இருக்கும் நேரம் பெரும்பாலும் கணினியின் நேரம். வெளியே சென்சாரின் பேட்டரி தீர்ந்தாலும் அந்த நேரம் பாட்டுக்கு ஓடும், கடைசியாக வந்த எண்ணே புதிதுபோல மணிக்கணக்கில் நிற்கும். கியூமுலஸ் மென்பொருளின் நேரலைக் கோப்பில் சென்சார் தொடர்பு அறுந்ததா என்று சொல்லவே ஒரு ஃபீல்டு (வரியில் அதற்கென ஓர் இடம்) இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். அளவு வராதபோது 0 என்று எழுதவும் கூடாது. மழை இல்லை என்பதும் மழைமானி வேலை செய்யவில்லை என்பதும் ஒன்றா? வெறுமனே காலியாக விடுவதும் தப்பு, இடைவெளியால் பிரித்த கோப்பில் ஒன்று காணாமல் போனால் பின்னால் வருவதெல்லாம் ஓர் இடம் நகர்ந்து, ஈரப்பதம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்து உட்காரும். ஏதாவது ஒரு குறி போடுங்கள், அது என்ன என்று பக்கத்தில் எழுதியும் வையுங்கள்.

காற்றில் சராசரி வேகம் மட்டும் போதாது. கோடை மழைக்கு முன்னால் திடீரென அடிக்கும் ஒரு காற்று வீச்சில்தான் மாங்காய் கொட்டுகிறது, சராசரியில் அது தெரியாது. அன்றைய அதிகபட்ச வீச்சும் அது அடித்த நேரமும் இருந்தால், மா விவசாயிக்கும் ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்ப்பவருக்கும் உதவும்.

அழுத்தத்தைப் பொறுத்தவரை, கடல் மட்டத்துக்குத் திருத்தியதா இல்லையா என்று சொல்லுங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் திருத்தாத எண் 910 ஹெக்டோபாஸ்கல் பக்கம் நிற்கும், அதைப் பார்த்துப் பெரும்புயல் என்று பயப்படுபவர்களும் உண்டு. அலகுகளையும் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள், மில்லிமீட்டரா அங்குலமா என்று யாரும் ஊகிக்க வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாம் ஊருக்கு எதற்கு? அவற்றை எடுத்துவிடலாம். அப்புறம், ஒருமுறை வரிசை வைத்துவிட்டால் மாற்றாதீர்கள். புதிதாக ஒன்று சேர்ப்பதானால் வரியின் கடைசியில் சேருங்கள், நடுவில் செருகினால் உங்கள் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் அடுத்தவரின் நிரல் அன்றைக்கே தப்பான எண்ணைக் காட்டத் தொடங்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்