தூங்கி வழிந்த மவுஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம், எனக்குத்தான் கண்ணாடி பவர் இன்னும் கொஞ்சம் ஏறிவிட்டது.

லேப்டாப்பில் லினக்ஸ் போட்டதிலிருந்து மவுஸ் குதிக்கிறது, பழையபடி விண்டோஸுக்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. முதலில் நான் அடித்த கூத்தைக் கேள்.

டச்பேடைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வலி கண்டதால், போன மாதம் பழைய வயர் மவுஸைத் தேடி எடுத்தேன். கையை எடுத்து இரண்டு நொடி சும்மா இருந்தால் போதும், செத்துவிடும். அடியில் எரிகிற சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். எவ்வளவு நகர்த்தினாலும் அசையாது, ஒரு கிளிக் செய்தால்தான் உயிர் வரும். கழற்றி மறுபடி செருகினால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை கணினியைப் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி!

வயர் போயிருக்கும் என்று புது மவுஸ் வாங்கினேன். செருகிய அன்று அற்புதமாக ஓடியது. அந்தச் சந்தோஷத்தில் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மறுநாள் புதியதும் தூங்கி வழிந்தது.

அப்புறம்தான் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தேன். செருகிய யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்தால் பட்டியலில் மவுஸ் இருக்கிறது. கர்னலின் (லினக்ஸின் மையக்கரு) குறிப்புகளைக் காட்டும் டிமெசக் கட்டளையில், 'லோ ஸ்பீட்' சாதனம் ஒன்று வந்ததாக அது குறித்து வைத்திருக்கிறது. (அந்தப் பெயரைப் பார்த்துப் பதறாதே. நொடிக்கு 1.5 மெகாபிட், மவுஸுக்கு அதுவே தாராளம்.) ஆக, மவுஸைக் கர்னலுக்கு அடையாளம் தெரிகிறது. நிறுவாமலே ஓடும் லைவ் பென்டிரைவில் இன்னொரு லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். அதில் அரை மணி நேரம் கழித்துத் தொட்டாலும் அம்பு உடனே நகர்ந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. கோளாறு நான் செய்து வைத்த எதிலோ இருக்கிறது.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறதென்று ஆறு மாதம் முன்பு, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பவர்டாப் நிரலை நிறுவி, அதன் 'ஆட்டோ-டியூன்' வசதி ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் ஓடும்படி ஒரு சர்வீஸ் எழுதியிருந்தேன். எழுதியதே மறந்துபோச்சு. அந்த நேரத்தில் எந்தெந்த யூஎஸ்பி சாதனம் செருகியிருக்கிறதோ, அதையெல்லாம் சும்மா இருந்தால் தூங்கப் போகும்படி அது மாற்றிவிடும். வழக்கமான கெடு 2 நொடி. கழற்றிச் செருகினால் கர்னலுக்கு அது புது விருந்தாளி, தூங்கச் சொல்லாது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய ரகசியம் இதுதான்.

மவுஸுக்குரிய 'பவர்/கன்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' (சும்மா இருந்தால் தூங்கு) என்று இருந்தது. 'ஆன்' (விழித்தே இரு) என்று மாற்றியதும் சரியானது. ஆனால் ரீபூட் செய்தால் அது போய்விடும். கணினி சாதனத்தைக் கண்டதுமே இந்த மாற்றத்தைத் தானாகச் செய்துவிடும் யூடெவ் விதி ஒன்று எழுதலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது, பவர்டாப் பின்னாலேயே வந்து அதையும் மாற்றிவிடுமே! சர்வீஸையே நிறுத்திவிட்டு, பேட்டரிக்காகத் திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடையது வயர்லெஸ். எக்ஸ்டர்னல் டிஸ்கில் பேக்கப் எடுக்கும்போதுதான் அதிகம் குதிக்கிறது என்று நீயே போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். மவுஸின் ரிசீவர் (யூஎஸ்பியில் செருகுகிற அந்தக் குட்டித் துண்டு) டிஸ்குக்குப் பக்கத்துப் போர்ட்டில்தானே இருக்கிறது? யூஎஸ்பி 3 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். உன் ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு, ரிசீவரை டிஸ்கிலிருந்து தள்ளி மவுஸ் பக்கம் கொண்டுவந்து பார். சிக்கல் இதுதான் என்றால் விண்டோஸுக்குப் போனாலும் அது குதிக்கத்தான் செய்யும்.

அம்பு கைக்கு அடங்காமல் ஓடுகிறது என்றாயே, அது வேறு சமாச்சாரம். அமைப்புகளில் மவுஸ் பகுதிக்குப் போய், கை வேகத்துக்கேற்ப அம்பைக் கூடுதலாக ஓடவிடும் ஆக்சலரேஷனை அணைத்துவிடு. இரண்டு நாள் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

வயரை மாட்டிப் பார்த்துவிட்டு எழுது, என்னைப் போல மூன்று வாரம் எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பழைய மவுஸை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. எட்டு வருடம் உழைத்தது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி